மூடி திறந்த ஜெபம்

என் வீட்டில் எந்தப் பாத்திரமும் மூடியில்லாமல் இருக்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம். நான் போட்டு, இன்றுவரை நிலைத்திருக்கும் ஒரே சட்டமும் இதுதான். நேற்று மனைவி சாம்பாரில் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு கொத்தமல்லி எடுக்கத் திரும்பிய நேரம், ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி சத்தம் கொடுத்தது. ஹாலிலிருந்து நான் போட்ட கூச்சலில், பக்கத்து போர்ஷன்காரர் என்னவோ ஏதோவென்று கதவைத் தட்டிவிட்டார். "ஒண்ணுமில்லீங்கண்ணா, அவருக்கு மூடி ஞாபகம் வந்துடுச்சு" என்று மனைவி சொல்லி அனுப்பினாள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் என் கண் இலையில் இருக்காது, மேலே பந்தலில்தான் இருக்கும். மகள் கிண்டல் செய்வாள்: "சாப்பிடுப்பா, பல்லிங்க எல்லாம் இன்னிக்கி லீவு."

சிரிக்கட்டும். கொதிக்கும் சாம்பாரில் பெருங்காயம் விழுந்ததும் ஒரு வாசனை எழும்புமே, அது மூக்கில் ஏறினால் எனக்கு இப்போதும் ஒரு தகரக் கொட்டகைதான் தெரியும். வேப்பமரத்தடியில், ஒரு சர்ச்சின் பின்கட்டில், மத்தியான வெயிலில் தகதகவென்று காய்ந்துகொண்டிருந்த கொட்டகை. உள்ளே அடுப்புச் சூடு, வெளியே சித்திரைச் சூடு. நடுவில் வெங்காயம் உரித்து அழுதுகொண்டிருப்பது நான்.

அப்போது திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில், ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். கொரோனாவுக்கெல்லாம் முந்தைய காலம். படித்தது பி.காம்., எழுதியதெல்லாம் மனு. பட்டா மனு, பென்ஷன் மனு, ரேஷன் கார்டில் பேர் சேர்க்கும் மனு. சாயங்காலம் ஆனால் விரலை முகர்ந்தால் டோனர் வாசனை வரும். கடை முதலாளி தானியேல் அண்ணன் அந்தச் சர்ச் சபையில் மூப்பர், பாஸ்டருக்கு அடுத்தபடி. ஒரு சனிக்கிழமை ஷட்டரை இழுத்துக்கொண்டே, "நாளைக்கு ரூம்ல படுத்துக்கினு இன்னா பண்ணப் போற? சாப்பாட்டு ஊழியத்துக்கு வண்டி ஓட்ட ஆள் கம்மியா கீது. வா" என்றார்.

எங்கள் குடும்பம் அவலூர்ப்பேட்டைப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். குலதெய்வம் முனீஸ்வரன். சர்ச்சுக்குப் போகிறேன் என்றதும் அம்மா போனில் ஏதாவது சொல்வாளோ என்று பயந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "சாப்பாடு நல்லா இருக்குதா?" உண்மையைச் சொன்னால் நான் புண்ணியம் தேடிப் போகவில்லை. என் ரூம்மேட் வைக்கும் ரசத்திலிருந்து வாரத்தில் ஒரு நாளாவது தப்பிக்கப் போனேன்.

திருவண்ணாமலையில் மத்தியானச் சோற்றுக்கு அவ்வளவு கவலையில்லை. கோயிலில் போடுவார்கள், ஆசிரமங்களில் போடுவார்கள். பௌர்ணமி என்றால் வழி மறித்துக் கையில் திணிப்பார்கள். ராத்திரிதான் திண்டாட்டம், அதிலும் ஊரை விட்டுத் தள்ளி, கிரிவலப் பாதையில் மரத்தடியே வீடென்று இருக்கும் சாமியார்களுக்கும் போக்கிடமில்லாதவர்களுக்கும். அதனால்தான் சபையார் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சமைத்து, பொட்டலம் கட்டி, நாலு மணி வாக்கில் பாதையெங்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாழையிலையில் சாம்பார் சாதம், மேலே நியூஸ் பேப்பர், சணல் கட்டு. வாங்குகிறவர்கள் உடனே பிரிக்க மாட்டார்கள். தெருவிளக்கு எரிந்த பிறகுதான்.

சமையலுக்குத் தலைமை எஸ்தர் அக்கா. பள்ளிக்கூட ஹாஸ்டல் ஒன்றில் சமைத்து ரிடையர் ஆனவர், விதவை, பெரிய குரல். நாய்க்குப் பயப்படுவேன், கிரிவலப் பாதைக் குரங்குக்குப் பயப்படுவேன், எல்லாவற்றையும்விட எஸ்தர் அக்காவுக்குப் பயப்படுவேன். அவரிடம் இரண்டு விஷயங்களில் சமாதானமே கிடையாது. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு ஓடி வரக் கூடாது. "உக்காந்து பத்து வார்த்த பேசிட்டு வாங்க. தபாலா குடுக்குறீங்க?" என்பார். இன்னொன்று ஜெபம். சமையல் முடிந்ததும் எல்லோரும் தேக்சாக்களைச் சுற்றி நிற்க வேண்டும், கண்ணை மூட வேண்டும், ஆனால் தேக்சாவின் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். "மூடி வச்சிக்கினு ஆசீர்வதிங்கன்னு கேட்டா எப்படி? சாப்பாட்டை அவர் பாக்க வேணாமா?" ஆண்டவருக்கு மூடி ஒரு தடையா என்று கேட்கும் தைரியம் பாஸ்டருக்கே இருக்கவில்லை.

ஜெபத்தை நடத்துபவர் தானியேல் அண்ணன். அவர் ஜெபம் உள்ளூர் மழையில் தொடங்கும். பிறகு மாவட்டம், மாநிலம், தேசம், கடல் தாண்டி யுத்தம் நடக்கும் நாடுகள் எல்லாம் போய்விட்டு, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகத் திரும்பி வரும். நான் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆவியை முகர்ந்தபடி நிற்பேன்.

அடி அண்ணாமலை பக்கத்துப் பாதை என் பங்கு. பைக்கில் எனக்குப் பின்னால் எஸ்தர் அக்கா பொட்டலக் கூடையோடு உட்கார்ந்து வருவார். அங்கே ஒரு புங்க மரத்தடியில் பச்சையம்மாள் இருந்தார். அம்பது தாண்டியிருக்கும். செங்கம் பக்கத்து ஊர். நடவு நட்ட கை. எதனால் இங்கே வந்தார் என்று கேட்டால், "மலைய பாக்க வந்தேன், பாத்துக்கினே கீறேன்" என்பார், அதற்கு மேல் கேட்க முடியாது. பொட்டலத்தை வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு மரத்தில் மாட்டிவிட்டு, "உக்காரு ஜெராக்ஸு" என்று பக்கத்து இடத்தைத் தட்டுவார். அந்த மரத்தடிக்கு வராத செய்தியே கிடையாது. "அதோ போறாரே தாடிக்காரரு, போன மாசம் வரைக்கும் பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில இருந்தாராம். சம்பளம் ஜாஸ்தி ஆனதும் சாமி கூப்ட்டுச்சாம். நமக்கெல்லாம் ஏன் கூப்புடல?" என்று கண்ணைச் சிமிட்டுவார். எனக்கு அந்த ஊரில் சொந்தமென்று யாருமில்லை. ஞாயிறு சாயங்காலம் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நேரம் ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்கும்.

ஒரு சித்திரை மாத ஞாயிறன்றும் அப்படித்தான் பேசிவிட்டு வந்தோம். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் தொண்டர்கள் சாப்பிடுவது வழக்கம். கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்து நான் இரண்டாவது தட்டில் இருந்தேன். எனக்கு அடிப்பிடித்த சாதம் பிடிக்கும் என்று எஸ்தர் அக்கா தேக்சாவின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டல் சத்தம் நின்றது.

"தம்பி, சாப்டாத."

"ஏங்க்கா? இன்னும் இருக்குதே."

"கைய எடுடா சொல்றேன்."

கரண்டியில் ஏதோ நீளமாகக் கிடந்தது. வெந்த பச்சை மிளகாய் என்று நினைத்தேன். பச்சை மிளகாய்க்குக் கால் இருக்காது.

எஸ்தர் அக்கா தலையைத் தூக்கித் தகரக் கூரையைப் பார்த்தார். அங்கே கம்பியோரம் இன்னும் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. "சமைக்கிற வரைக்கும் மூடிதான் வச்சிருந்தேன். கட்டும்போதும் நான் பாத்துக்கினேதான் இருந்தேன். ஜெபத்துலதான்..." என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகும் என்று எனக்குத் தெரியாது. தானியேல் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் கொஞ்சம் நீட்டிட்டேன், இல்ல?" என்றார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தில், பல்லி தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன் என்று வரிசையாகப் போட்டிருக்கும். சாம்பார் சாதத்தில் விழுந்து, அதை ஒருவன் ஒன்றரைத் தட்டு சாப்பிட்டிருந்தால் என்ன பலன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பல்லி விழுந்த சாப்பாடு விஷம் என்று கேட்டே வளர்ந்தவன் நான். முதலில் என் வயிற்றைத்தான் நினைத்தேன், மறைப்பானேன். நாக்கு மரத்துப்போன மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம், விளக்கு எரியட்டும் என்று மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் பை ஞாபகம் வந்தது. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. விளக்கு எரிய இன்னும் எவ்வளவு நேரம்?

"ஓடுங்க. எல்லாத்தையும் திரும்ப வாங்கிக்கினு வாங்க" என்றார் தானியேல் அண்ணன். பிறகு எழுந்து வந்து கதவை மறித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பல்லின்னு மட்டும் யாரும் வாயத் தொறக்காதீங்க. சர்ச்சு சாப்பாட்ட தின்னு சாமியாருங்க விழுந்துட்டாங்கன்னு ஒரு வார்த்த கெளம்பினா போதும். கோயில் ஊரு இது. அப்புறம் நம்மால அந்தப் பாதையில கால வைக்க முடியுமா?"

எஸ்தர் அக்கா, "சொல்லிட்டு வாங்கலாமேண்ணா" என்றார்.

"வேற சாப்பாடு தர்றோம்னு சொல்லுங்க, போதும்."

அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வண்டிக்கு ஓடினோம். அந்த நேரத்தில் அது சரியென்றுதான் பட்டது.

கிரிவலப் பாதையில் ஜனங்கள் ஒரே திசையாக மலையை வலம் வருவார்கள். சுருக்காகப் போக வேண்டுமென்று நான் எதிர்த்திசையில் வண்டியை விட்டேன். நடந்து வந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்ப்பது போலிருந்தது. பின்னால் எப்போதும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வரும் எஸ்தர் அக்கா, அன்றைக்கு என் தோளை இறுகப் பிடித்தபடி, "ஏசப்பா, ஏசப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். என் வயிறு கடமுடா என்றது. இது விஷமா, பயமா, இரண்டாவது தட்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை நான் வண்டியிலேயே மயங்கி விழுந்தால் அக்காவையும் சேர்த்தல்லவா கொல்வேன் என்று வேகத்தைக் குறைத்தேன். பச்சையம்மாள் பையை இறக்கியிருப்பாரோ என்று மறுபடி முறுக்கினேன்.

வழியில் இருந்தவர்கள் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்துப் பழகியவர்கள் போல, கட்டுப் பிரியாத பொட்டலத்தை அப்படியே நீட்டினார்கள். லாரியில் கிளீனராக இருந்து கால் ஒடிந்த கோவிந்தன் என்பவர் மட்டும் முழுசாகச் சாப்பிட்டு, இலையை வழித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எஸ்தர் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, எங்கயும் போகாதீங்க, இங்கயே இருங்க, வந்து கூட்டிக்கினு போறோம்" என்றேன். அவர் புரியாமல் தலையாட்டினார்.

புங்க மரத்தை நெருங்கும்போது தூரத்தில் ஒரு தெருவிளக்கு எரிந்துவிட்டது. பச்சையம்மாள் பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, சணலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை ஸ்டாண்ட் போடாமல் இறங்கி ஓடினேன். அது பின்னால் எஸ்தர் அக்காவோடு சாய்ந்தது.

"இன்னா ஜெராக்ஸு, எதனா மறந்துட்டியா?"

"அம்மா, அதக் குடுங்க. சாப்புடலையே?"

"இனிமேதான். ஏன்?"

"வேற தர்றோம். இதக் குடுங்க."

"இதுக்கு இன்னா?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த எஸ்தர் அக்காவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பச்சையம்மாள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அந்தத் தாடிக்காரரப் பத்தி பேசினேனே, அதுக்கா? சும்மா வெளயாட்டுக்குச் சொன்னதுப்பா. இனிமே யாரப் பத்தியும் பேசல."

"அதில்லம்மா."

"அப்ப ஏன் குடுத்தத புடுங்கற?"

பொட்டலத்தை அவர் விடவில்லை. எனக்கு அவர் ஒரு வாய் அள்ளிவிடுவாரோ என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. இழுத்தேன். இலை கிழிந்து சாதம் பாதி மண்ணில் கொட்டியது. ஒரு நாய் வந்தது. அது தின்றுவிடக் கூடாதே என்று காலால் மண்ணைத் தள்ளிச் சோற்றை மூடினேன். செருப்புக் காலால் சோற்றை மூடியதை அவர் பார்த்தார்.

இருட்டின பிறகு பன்னும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோவிந்தனை ஆட்டோவில் ஏற்றி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். நானும் நோயாளிதானே. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நாக்கை நீட்டி ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அவர் என்னிடம் சாய்ந்து, "தம்பி, இங்க ராத்திரிக்கு டிபன் போடுவாங்களா?" என்று கேட்டார். டாக்டரிடம் மட்டும் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இரண்டு பேரையும் சோதித்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, என்னை மட்டும் கூப்பிட்டு, "பல்லிய விட பயந்து வாந்தி எடுக்கறவங்கதான் இங்க ஜாஸ்தி. போய் தண்ணி குடிச்சிட்டுத் தூங்குங்க" என்றார். எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஊரில் யாரும் எதுவும் பேசவுமில்லை. காலையில் எழுந்ததும் நாக்கைக் கடித்துப் பார்த்தேன், நன்றாகவே வலித்தது. இட்லிக் கடையில் வழக்கத்தைவிட இரண்டு கூடச் சாப்பிட்டேன். அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஜெபத்தின்போது தேக்சாக்கள் மூடியிருந்தன. எஸ்தர் அக்காவே மூடிமேல் கல் ஏற்றி வைத்துவிட்டார். தானியேல் அண்ணனின் ஜெபம் மாவட்ட எல்லையைக்கூடத் தாண்டவில்லை. நாலு மணிக்குப் பாதையில் இறங்கினோம். முதல் பொட்டலத்தை வாங்கியவர் அங்கேயே, நின்றபடியே, பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்தவரும் அப்படியே. கோவிந்தன் திரும்பி உட்கார்ந்துகொண்டு சாப்பிட்டார். வெயில் சுள்ளென்று இருந்தது. தெருவிளக்கு எரிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

பச்சையம்மாளிடம் நீட்டினேன். உட்காரச் சொல்லவில்லை. சணலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மரத்தோடு ஒட்டிக்கொண்டு, பெரிய பெரிய உருண்டையாக விழுங்கினார். விக்கல் எடுத்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். குடிக்கும்போதும் ஒரு கை இலையின் மேலேயே இருந்தது.

"மத்தியானம் சாப்புடலையாம்மா?"

"சாப்ட்டேனே. வடை, பாயசத்தோட போட்டாங்க."

"அப்ப மெதுவா சாப்புடலாமே. ராத்திரிக்கு இன்னா பண்ணுவீங்க?"

"வவுத்துக்குள்ள போயிட்டா எவனும் வந்து புடுங்க மாட்டான் இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

தானியேல் அண்ணன் சொன்னதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, பல்லியைப் பற்றி முழுசாகச் சொன்னேன். அவர் வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஒரு பல்லிக்கா இந்த ஓட்டம் ஓடினே? அன்னிக்கே சொல்லியிருந்தா நானே தூக்கிக் கெடாசியிருப்பனே. நான் தூங்காம கெடந்தேன், இன்னா தப்பு பண்ணோம்னு." பழையபடி ஆகிவிட்டது என்று நிம்மதியாகத் திரும்பினேன். ஆனால் அதற்கு அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும், வாங்கிய கையோடுதான் சாப்பிட்டார். என்னோடு பேசுவார், கிண்டலும் செய்வார், எல்லாம் சாப்பிட்டு முடித்து இலையைச் சுருட்டிப் போட்ட பிறகுதான். நானும் எஸ்தர் அக்காவும் மற்றவர்களிடமும் போய்ப் பல்லிக் கதையைச் சொன்னோம். தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

பிறகு நான் வேறு வேலைக்கு மாறினேன். கொரோனா வந்தது. எஸ்தர் அக்கா ஓசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் கான்கிரீட் ஹால் எழும்பிவிட்டது, வேப்பமரம் இல்லை. இப்போது சபையார் ஒரு மெஸ்ஸில் சொல்லி, சீல் வைத்த டப்பாக்களில் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறார்கள். கையுறை போட்ட பிள்ளைகள் கொடுக்கிறார்கள். எதுவும் உள்ளே விழ வழியில்லை, எனக்கே அதில் பயமில்லை. பச்சையம்மாள் எங்கே போனார் என்று விசாரித்தேன். ஊருக்கே போய்விட்டார் என்றார் ஒருவர். அப்படியொருவரை ஞாபகமே இல்லை என்றார் இன்னொருவர்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போயிருந்தேன். புங்க மரத்தடியில் எனக்குத் தெரியாத ஒரு அம்மா இருந்தார். அங்கிருந்த யாருக்கும் என்னைத் தெரியாது, பல்லி விழுந்த கதையும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நாலு மணி வெயிலில் டப்பாக்கள் கைக்கு வந்ததும், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கிழித்து, குனிந்து, அவசர அவசரமாக விழுங்கினார்கள். ஏன் என்று கேட்டால் இங்கே அப்படித்தான் என்பார்களாக இருக்கும். சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளக்கு எரியும்வரை வருகிறவன் போகிறவனைக் கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் அந்தப் பாதையில் இல்லை.